எல்லாரும் ஆஸ்பத்திரிலதான் பெத்துக்கறாங்க, அப்புறமும் ஏன் ரத்தசோகை? கடலூர்-புதுச்சேரி பக்கத்துல இருந்து ஒரு விளக்கம்

நியூஸ்ல வர்ற நம்பருங்க நிறைய பேரை குழப்புது. தமிழ்நாட்டுல 99.6 சதவீத பிரசவம் ஆஸ்பத்திரிலதான் நடக்குதுன்னு 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்லுது. அதே ஆய்வுதான் இங்க 15ல இருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைங்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னும் சொல்லுது, 20-24 வயசுப் பொண்ணுங்கள்ல 100க்கு கிட்டத்தட்ட 13 பேருக்கு 18 முடியறதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆயிடுச்சுன்னும் சொல்லுது. செக்கப்புக்கு வராங்க, மாத்திரை தராங்க, பேங்க் அக்கவுண்டுல பணமும் போடறாங்க, அப்புறம் ஏன் இப்படின்னு கேக்கறது நியாயமான கேள்விதான்.

ஆஸ்பத்திரி பிரசவ நம்பரும் சரி, ரத்தசோகை நம்பரும் சரி. ரெண்டும் வேற வேற விஷயத்தை அளக்குது, அதுதான் குழப்பம். நம்ம திட்டங்க பெரும்பாலும் "கொடுத்தாச்சு"ங்கற இடத்தோட கணக்கை முடிச்சுக்குது, கொடுத்தது அந்தப் பொண்ணோட உடம்புல சேர்ந்துச்சாங்கறதுக்கு ரிஜிஸ்டர்ல ஒரு கட்டம் கூட கிடையாது.

மொதல்ல வார்த்தைங்க

1. தாய் இறப்பு: கர்ப்பமா இருக்கும்போதோ, பிரசவத்துலயோ, கர்ப்பம் முடிஞ்சு 42 நாளுக்குள்ளயோ, கர்ப்பம் சம்பந்தப்பட்ட காரணத்தால ஒரு பொண்ணு இறந்து போறது. இந்த 42 நாளை மனசுல வச்சுக்குங்க, பின்னாடி வேணும்.

2. தாய் இறப்பு விகிதம்: 1 லட்சம் குழந்தை உயிரோட பொறந்தா அதுக்கு எத்தனை தாய் இறந்தாங்கன்ற கணக்கு. 2018-20ல இந்தியாவுக்கு 97, தமிழ்நாட்டுக்கு 54, கேரளாவுக்கு 19. தமிழ்நாடு நல்ல நிலைமைலதான் இருக்கு, ஆனா பக்கத்து மாநிலத்தைப் பார்த்தா இன்னும் எவ்வளவோ உயிரை காப்பாத்தியிருக்கலாம்னு தெரியுது.

3. வளரிளம் பருவம்: 10ல இருந்து 19 வயசு. 2014ல மத்திய அரசு கொண்டு வந்த ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் இந்த வயசுக்காரங்களுக்குத்தான். சத்துணவு, இனப்பெருக்க ஆரோக்கியம், மனநலம், வன்முறை, போதைப்பொருள், தொற்றா நோய்னு ஆறு விஷயம் அதுல இருக்கு.

4. கவரேஜ், பலன் சேர்ந்த கவரேஜ்: 100 பேர்ல எத்தனை பேர்கிட்ட மாத்திரை போச்சுங்கறது கவரேஜ். அந்த 100 பேர்ல எத்தனை பேருக்கு மாத்திரையால ரத்தம் ஏறுச்சுங்கறது ரெண்டாவது. பேப்பர்ல வர்றது எப்பவும் மொதல் நம்பர்.

ஒரு மாத்திரை வீட்டுக்குப் போனப்புறம்

கர்ப்பிணிக்கு ரத்தத்துல ஹீமோகுளோபின் 11 கிராமுக்கு கீழ இருந்தா ரத்தசோகை, 7க்கு கீழ போனா கடுமையான ரத்தசோகை. நாலாவது மாசத்துல இருந்து தினமும் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, குறைஞ்சது 180 நாள், பிரசவத்துக்கு அப்புறம் இன்னொரு 180 நாள். 7க்கும் 11க்கும் நடுவுல இருந்தா தினமும் ரெண்டு. ஒரு மாசத்துல 1 கிராமாவது ஏறலன்னா அந்தப் பொண்ணை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும், 7க்கு கீழன்னா நரம்பு வழியா இரும்புச்சத்து ஏத்தணும், 5க்கு கீழன்னா அட்மிஷன் போட்டு ரத்தம் ஏத்தணும். விதிமுறையில ஒரு குறையும் இல்ல.

இப்போ பண்ருட்டி பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கப் போற ஒரு பொண்ணு, அஞ்சாவது மாசம்னு வச்சுக்குங்க. காலைல அஞ்சரைக்கு எழுந்து டீ போட்டு குடிச்சிட்டு, அந்த டீ டம்ளரோடவே மாத்திரையையும் போட்டுக்கறா, ஏன்னா வேலைக்குப் போயிட்டா மறந்துடும். டீயில இருக்கற டேனின் இரும்புச்சத்தை உடம்புல சேரவிடாது. செக்கப்புல கால்சியம் மாத்திரையும் அதே கவர்லதான் போட்டுக் கொடுத்தாங்க, ரெண்டையும் ஒண்ணா முழுங்கறா, கால்சியமும் இரும்பை தடுக்கும், நடுவுல ரெண்டு மணி நேரமாவது விடணும்னு அவகிட்ட யாரும் சொல்லல, இல்ல சொன்னப்ப அவளுக்குப் பின்னாடி நாப்பது பேர் வரிசைல நின்னுக்கிட்டு இருந்தாங்க, அவ காதுல ஏறல. பத்து நாள்ல குமட்டல், மலச்சிக்கல். மலம் கருப்பா போகுது, பயந்துட்டா. அது இரும்பு மாத்திரைக்கு சாதாரணமா நடக்கறதுதான்னு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா போதும். மாமியார் வேற, இதைச் சாப்பிட்டா புள்ள பெருசாகி ஆபரேஷன்ல போய் முடியும்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் மாத்திரை அட்டை அரிசி டின்னுக்குப் பின்னாடி போயிடுச்சு. அடுத்த மாசம் நர்ஸம்மா கேட்டா "சாப்பிடறேன்"ம்பா. ஏன்னா இல்லன்னு சொன்னா திட்டு விழும்.

ரிஜிஸ்டர்ல இவ 180 மாத்திரை வாங்குனவ. ஆய்வுல ரத்தசோகை உள்ளவ.

இதை ஒரு கணக்கா போட்டுப் பார்ப்போம், நம்பர் எல்லாம் உதாரணத்துக்குத்தான். 100 கர்ப்பிணில 90 பேர் நேரத்துக்குப் பதிவு பண்றாங்க. அதுல 90 சதவீதம் பேருக்கு ரத்தம் சரியா டெஸ்ட் ஆகுது. அதுல 80 சதவீதம் பேருக்கு மாத்திரை ஸ்டாக் தடையில்லாம கிடைக்குது. அதுல 60 சதவீதம் பேர் ஒழுங்கா சாப்பிடறாங்க. அதுல 80 சதவீதம் பேரை மறுபடி டெஸ்ட் பண்ணி, ஏறலன்னா அடுத்த சிகிச்சைக்கு அனுப்பறாங்க. ஒவ்வொரு படியையும் தனியா பார்த்தா பரவாயில்லையேன்னுதான் தோணும், ஆனா பெருக்கிக்கிட்டே வந்தா கடைசில நிக்கறது 31 பேர். 100ல 31. எந்த ஒரு படியிலயும் யாரும் பெருசா தப்பு பண்ணல, அதனாலதான் இதைக் கண்டுபிடிக்கறது கஷ்டமா இருக்கு.

டெஸ்ட் விஷயத்துலயே ஒண்ணு சொல்லணும். பழைய சாலி முறையில ரத்தத்தை ஆசிட்ல கலந்து, கண்ணாடி ட்யூப்ல கலரை கண்ணால ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. சாயங்கால வெளிச்சத்துல பார்க்கறவங்களுக்கு ஒரு கிராம் முன்னப்பின்ன வர்றது சகஜம். 10.5ஐ 11.5னு எழுதிட்டா அந்தப் பொண்ணு சிகிச்சைல இருந்தே வெளிய போயிடறா. டிஜிட்டல் மீட்டர் ஒழுங்கா ஓடற ஒரு சப் சென்டர் (துணை சுகாதார நிலையம்), எத்தனையோ விழிப்புணர்வு பேரணியை விட உருப்படியானதுன்னு நான் நம்பறேன்.

பணமும் பிக்மி நம்பரும்

தமிழ்நாட்டுல டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் இருக்கு, 1987ல ஆரம்பிச்சது, 2018ல 18,000 ரூபாயா ஏத்துனாங்க. அதுல 14,000 பணம், மீதி ரெண்டு ஊட்டச்சத்து பெட்டகம். இதை வாங்கறதுக்கு பிக்மி நம்பர், அதாவது கர்ப்பத்தை அரசு கணக்குல பதிவு பண்ணா கிடைக்கற நம்பர் வேணும், 12 வாரத்துக்குள்ள பதிவு பண்ணணும், அதனால சீக்கிரம் பதிவு பண்ற பழக்கம் நல்லாவே வந்திருக்கு. பணத்தை நிபந்தனையோட கொடுத்தா மக்கள் வருவாங்கன்றதுக்கு இது நல்ல சாட்சி.

ஆனா இந்தப் பணம் வாங்க 19 வயசு ஆகியிருக்கணும், அதுவும் மொத ரெண்டு பிரசவத்துக்குத்தான். சின்ன வயசு கல்யாணத்தை அரசு ஊக்குவிக்கற மாதிரி ஆயிடக்கூடாதுன்ற நோக்கம் புரியுது. விளைவு என்னன்னா, 17 வயசுல கர்ப்பமா இருக்கற பொண்ணுதான் எல்லாரையும் விட ஆபத்துல இருக்கா, ஏன்னா அவ உடம்பே இன்னும் வளர்ந்து முடியல, ரத்த அழுத்தம், ரத்தசோகை, எடை குறைஞ்ச குழந்தைன்னு எல்லாமே அந்த வயசுல கூடுதல். அவளுக்கு சீக்கிரம் வர்றதுக்கு காசுன்ற காரணமும் இல்ல, வந்தா ஆதார்ல வயசு தெரிஞ்சிடும்னு பயம் வேற. அதனால அவ அஞ்சாவது ஆறாவது மாசம் வரைக்கும் யார் கண்ணுலயும் படாம இருக்கா.

பார்டரைத் தாண்டுற தலைப்பிரசவம்

இது நம்ம பக்கத்துக்கே உரிய சிக்கல். வரைபடத்துல புதுச்சேரின்னு ஒரே துண்டா இல்ல, பாகூர் பக்கம் போனா எது கடலூர் மாவட்டம் எது புதுச்சேரின்னு பெட்ரோல் விலையைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும். பொண்ணு கொடுக்கறதும் எடுக்கறதும் ரெண்டு பக்கமும் சர்வ சாதாரணம். ஆனா சுகாதாரத் துறை ரெண்டு. புதுச்சேரில இருக்கற ஜிப்மர் ஆஸ்பத்திரி மத்திய அரசோடது, அப்போ மூணு நிர்வாகம்.

புதுச்சேரி பக்கம் பாகூர்ல வாழ்க்கைப்பட்ட, கடலூர் பக்கம் ரெட்டிச்சாவடி பொண்ணை எடுத்துக்குங்க. கர்ப்பம் உறுதியானது, பதிவு பண்ணது, மொத ஸ்கேன் எடுத்தது எல்லாம் புதுச்சேரில. வளைகாப்பு முடிஞ்சதும் அம்மா வீட்டுக்கு வந்துடறா, இப்போ அவளைப் பார்க்க வேண்டியது கடலூர் மாவட்ட நர்ஸம்மா, அவங்ககிட்ட இவளோட பழைய விவரம் எதுவும் இல்ல, செக்கப் அட்டையை மாமியார் வீட்டுலயே வச்சுட்டு வந்திருந்தா சுத்தம். பிரசவத்துல சிக்கல்னா கடலூர் தலைமை ஆஸ்பத்திரில இருந்து ஜிப்மருக்கு அனுப்புவாங்க. அங்க பொழைச்சு வந்தா திரும்ப அம்மா வீடு, மூணு மாசம் கழிச்சு பாகூர். நாலு இடத்துல நாலு நோட்டு. யார்கிட்டயும் முழுக் கதை இல்ல.

தமிழ்நாட்டு நிதியுதவி புதுச்சேரிக்காரங்களுக்கு கிடையாது. அந்தப் பக்கம் மத்திய அரசோட மாத்ரு வந்தனா திட்டத்துல மொத குழந்தைக்கு 5,000 ரூபாய். ஒரே தெருவுல அக்காவுக்கு ஒரு மாதிரி தங்கச்சிக்கு ஒரு மாதிரின்னா, அட்ரஸை எந்தப் பக்கம் காட்டறதுன்னு குடும்பம் யோசிக்கும், அது மனுஷ இயல்பு. அப்படி காட்டுன அட்ரஸ்ல அவ இருக்கமாட்டா, அவ இருக்கற இடத்துல அவ பேர் இருக்காது.

கணக்கு போடறவங்களுக்கும் இதுல தலைவலி. ஒரு மாவட்டத்துல வருஷத்துக்கு 30,000 பிரசவம்னு வச்சுக்கிட்டா, 54ங்கற விகிதத்துல 16 இறப்பு வரும். ரெண்டு மூணு இறப்பு பெரிய ஆஸ்பத்திரி இருக்கற ஊர் கணக்குல போயிட்டாலே விகிதம் குறைஞ்ச மாதிரி தெரியும். அதனால ஒரு வருஷ நம்பரை வச்சு இந்த மாவட்டம் நல்லா பண்ணுது அந்த மாவட்டம் மோசம்னு தீர்ப்பு சொல்றதை நிறுத்தணும்.

42 நாள்ல என்ன நடக்குது

தாய் இறப்புக்கு முக்கிய காரணங்க ரத்தப்போக்கு, ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வர்றது, கிருமித்தொற்று, அப்புறம் ஏற்கனவே இருக்கற இதய நோய் மாதிரி விஷயங்க. இதுல பெரும்பகுதி பிரசவ நேரத்துலயும் அதுக்கு அப்புறமும் வர்றது. நம்ம ஊர்ல பிரசவம் வரைக்கும் பொண்ணை தாங்குவாங்க, குழந்தை வெளிய வந்ததும் எல்லார் கண்ணும் தொட்டில் பக்கம் திரும்பிடும். அவளுக்கு தலை வலிக்குது, கண்ணு மங்கலா இருக்கு, மேல்வயிறு வலிக்குதுன்னு சொன்னா "தூக்கமில்லாததால இருக்கும், தைலம் தேய்ச்சுக்கோ"ன்னு விட்டுடுவாங்க. ரத்த அழுத்தம் 140/90ஐ தாண்டி ஏறிக்கிட்டு இருக்கறதுக்கு இதெல்லாம் அறிகுறி, டிஸ்சார்ஜ் ஆன பிறகும் வலிப்பு வரலாம். பேட் ஒரு மணி நேரத்துல நனைஞ்சு போனா, காய்ச்சல் வந்தா, நாத்தத்தோட வெள்ளைப்பட்டா, மூச்சு வாங்குனா உடனே 108.

வீட்டுக்கு வந்து பார்க்கற விதிமுறை இருக்கு, 3, 7, 14, 21, 28, 42வது நாள்னு. ஆனா அது பச்சைக்குழந்தைக்காக எழுதப்பட்டது, வர்றவங்க குழந்தையை எடை போட்டுட்டு போயிடுவாங்க, அதே பையில ஒரு பிபி மெஷினும் இருந்து அம்மா கையில சுத்திப் பார்த்தா பெருசா செலவு ஆயிடாது. மனசு சோர்ந்து போய் சுவத்தைப் பார்த்து உக்காந்திருக்கற பொண்ணையும் அப்போதான் கண்டுபிடிக்க முடியும்.

ரத்தப்போக்குக்கு வெளிநாட்டுல நடந்த ஒரு ஆய்வு நமக்கு நல்ல பாடம். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாலு நாட்டுல 2 லட்சத்துக்கும் மேல பொண்ணுங்களை வச்சு பண்ணி 2023ல வெளியிட்டாங்க. புதுசா எந்த மருந்தும் கண்டுபிடிக்கல. பிரசவம் ஆனதும் அடியில அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை விரிச்சாங்க, எவ்வளவு ரத்தம் போகுதுன்னு கண்ணால குத்துமதிப்பா சொல்றதை விட்டுட்டு கோட்டைப் பார்த்து சொன்னாங்க, அளவு தாண்டுனதும் கர்ப்பப்பையைத் தேய்க்கறது, கர்ப்பப்பையை சுருங்க வைக்கற ஆக்ஸிடோசின், ரத்தக்கட்டு கரையாம காக்கற டிரானெக்ஸாமிக் ஆசிட், டிரிப், பரிசோதனைன்னு எல்லாத்தையும் ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு காத்திருக்காம ஒரே நேரத்துல பண்ணாங்க. கடுமையான ரத்தப்போக்கும் அதனால வர்ற ஆபரேஷனும் இறப்பும் சேர்த்து 60 சதவீதம் குறைஞ்சது. இருக்கற பொருளை சரியான நேரத்துல சேர்க்கறதுன்னா இதுதான்.

பதினாறு வயசுப் பொண்ணு எங்க போவா

வளரிளம் திட்டத்துல பள்ளிக்கூடம்தான் வாசல். வாரம் ஒரு நாள் நீலக்கலர் இரும்புச்சத்து மாத்திரை, குடற்புழு மாத்திரை, புதுயுகம் திட்டத்துல நாப்கின், எல்லாம் டீச்சர் கையால. டீச்சர் எதிர்ல மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் முழுங்க வைக்கறதுதான் அந்தத் திட்டத்தோட உயிர். அட்டையை கையில கொடுத்து அனுப்பறது பிரயோஜனம் இல்லாததோட ஆபத்தும் கூட. 2023 மார்ச்ல ஊட்டில பள்ளிப் பிள்ளைங்க போட்டி போட்டு இந்த மாத்திரையை அளவுக்கு மீறி முழுங்குனதுல ஒரு மாணவி இறந்தே போனா.

பத்தாவதோட நின்னவ, சிப்காட்ல கம்பெனி வேலைக்குப் போறவ, மீன் ஏலம் எடுக்கற அம்மாவோட தேவனாம்பட்டினம் கரையில நிக்கறவ இந்த வாசலுக்கு வெளிய இருக்காங்க. அவங்களுக்கு அங்கன்வாடின்னு பேர் சொல்லுவாங்க, ஆனா பதினாறு வயசுப் பொண்ணு சத்துமாவு வாங்கற இடத்துல போய் மாதவிடாய் பத்தி கேப்பாளா? வளரிளம் ஆலோசனை மையம் ஆஸ்பத்திரி ஓபிலயே இருக்கு, பகல் நேரத்துலதான் திறந்திருக்கும், பக்கத்து பெஞ்சுல எதிர்வீட்டு அத்தை சுகர் மாத்திரைக்கு உக்காந்திருப்பாங்க. அங்க போய் வெள்ளைப்படுதுன்னு கூட சொல்ல முடியாது, நாள் தள்ளிப் போச்சுன்னு எப்படி சொல்லுவா.

சட்டம் பத்தியும் தெரிஞ்சுக்கணும். 18க்கு கீழ கர்ப்பம்னா போக்சோ சட்டம் 2012 படி டாக்டர் போலீசுக்குத் தகவல் சொல்லியே ஆகணும். இந்தப் பயத்துலயே சில குடும்பம் மெடிக்கல் ஷாப் மாத்திரை, படிக்காதவங்க கைன்னு போய் உயிரைப் பணயம் வைக்குது. ஆனா 2022 செப்டம்பர் 29ல உச்ச நீதிமன்றம் ஒண்ணு தெளிவா சொல்லுச்சு: கருக்கலைப்புக்கு வர்ற 18க்கு கீழ உள்ள பொண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கிட்டா, போலீசுக்குக் கொடுக்கற தகவல்ல அவ பேரையும் அடையாளத்தையும் டாக்டர் சொல்ல வேண்டியதில்ல. 2021 திருத்தத்துக்குப் பிறகு அவளுக்கு 24 வாரம் வரைக்கும் சட்டப்படி அனுமதியும் இருக்கு. இது ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கும் நர்ஸம்மாவுக்கும் மனப்பாடமா தெரிஞ்சிருக்கணும்.

கல்யாணமான 18, 19 வயசுப் பொண்ணுங்க பத்தி யாருமே பேசறதில்ல. நம்ம ஊர்ல குடும்பக்கட்டுப்பாடுன்னாலே ரெண்டு பெத்துட்டு ஆபரேஷன்தான். நடுவுல இடைவெளி விடறதுக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை போடற அந்தரா ஊசி, சாயா மாத்திரை, காப்பர்-டின்னு அரசாங்கத்துலயே இலவசமா இருக்கு. ஆனா புருஷனும் மாமியாரும் உக்காந்திருக்கற திண்ணைல இதைப் பேச முடியாது, அவங்களை விட்டுட்டுப் பேசுனாலும் நடக்காது.

எது வேலை செய்யுதுன்னு எப்படி தெரியும்

போன வருஷத்தை விட இந்த வருஷம் ரத்தசோகை குறைஞ்சா அது திட்டத்தால குறைஞ்சதுன்னு சொல்லிட முடியாது. நல்ல மழை, கூலி ஏறுனது, டெஸ்ட் மெஷினை மாத்துனது எதுவா வேணா இருக்கலாம். புது முறையை ஒரே நாள்ல எல்லா இடத்துலயும் ஆரம்பிக்காம, குலுக்கல் போட்டு குறிஞ்சிப்பாடி பக்கம் சில சுகாதார நிலையத்துல இப்போ, காட்டுமன்னார்கோவில் பக்கம் சிலதுல ஆறு மாசம் கழிச்சுன்னு ஆரம்பிச்சா, ரெண்டையும் ஒப்பிட்டு உண்மை தெரிஞ்சுக்கலாம். எல்லாருக்கும் கடைசில கிடைச்சிடும், யாருக்கும் அநியாயம் இல்ல.

அப்புறம் உடனே பண்ணக்கூடியது சிலது:

1. மாசாந்திர ரிப்போர்ட்ல "மாத்திரை கொடுத்தது" பக்கத்துல "ஒரு மாசத்துல 1 கிராம் ஏறுனவங்க"ன்னு ஒரு கட்டம். இந்த ஒரு கட்டம் வந்தாலே மேல இருக்கறவங்க கேக்கற கேள்வி மாறும்.

2. 5,000 பேருக்கு ஒரு சப் சென்டர்னு விதி, அந்த நர்ஸம்மா ஒரே விவரத்தை நோட்டுலயும் எழுதி ஆப்லயும் ஏத்தறாங்க. ஒண்ணைக் குறைச்சா அந்த நேரம் பேசறதுக்குக் கிடைக்கும். காலி அட்டையைக் கொண்டுவரச் சொல்லி எண்ணிப் பார்க்கறதை விட, திட்டமாட்டேன்னு சொல்லிட்டு "எத்தனை மாத்திரை மிச்சம் இருக்கு"ன்னு கேட்டா உண்மை வரும்.

3. ஒவ்வொரு தாய் இறப்பும் ஏன் நடந்துச்சுன்னு ஆராயறது தமிழ்நாட்டுல 1990கள்ல இருந்தே நடக்குது, பெருமைப்படற விஷயம். மாவட்ட அளவுல இறப்பு ரொம்ப கம்மியா இருக்கறதால, மயிரிழையில பொழைச்சு வந்தவங்க கதையையும் அதே மாதிரி உக்காந்து கேக்கணும். அவங்க பேச உயிரோட இருக்காங்க.

4. 19க்கு கீழ உள்ள பொண்ணுக்கு பணம் இல்லாட்டியும் ஊட்டச்சத்து பெட்டகமாவது மொத நாள்ல இருந்து. குழந்தைத் திருமணத் தடுப்பு வேலை தனியா நடக்கட்டும், குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் போகட்டும், வயித்துல இருக்கறது பட்டினி கிடக்கக்கூடாது.

5. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல ஒரு பொதுப் பட்டியல். ஏழாவது மாசத்துல "அம்மா வீடு எங்க, எப்போ போறீங்க"ன்னு கேட்டு, அந்த ஊர் நர்ஸம்மாவுக்கு இந்த ஊர் நர்ஸம்மா ஒரு போன். அரசாணை வர்ற வரைக்கும் காத்திருக்காம ரெண்டு பேர் நம்பரை மாத்திக்கிட்டாலே ரெட்டிச்சாவடிக்கு வந்த பொண்ணோட ரத்த குரூப், பிபி, ஸ்கேன்ல சொன்னது எல்லாம் அவளுக்கு வலி எடுக்கறதுக்கு முன்னாடியே வந்து சேர்ந்திருக்கும்.